இயலக்கூடிய மூலக்கூறுகளின் பட்டியல்

மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறியைச் செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்ற ஸ்டான்லி மில்லரின் 1953-ஆம் ஆண்டு ஆய்வு, சென்ற பகுதியில் கண்டவாறு, உயிரின் தோற்றம் பற்றிய கேள்வியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. பிற கோள்களில் உயிரைத் தேட எண்ணியவர்களுக்கோ அதே ஆய்வு ஒரு பெரும் இடரையும் விட்டுச்சென்றது. உயிரின் கட்டுமானப் பொருள்கள் உயிரின் துணையின்றியே உருவாகக்கூடும் என்றால், அவற்றை வேறொரு கோளில் கண்டறிவது மட்டும் அங்கே உயிர் உண்டு என்பதற்குச் சான்றாகாது. எந்த மூலக்கூறு, எந்த அளவில், எவற்றோடு சேர்ந்து காணப்பட்டால் அதை உயிரின் செயல் எனக் கொள்ளலாம் என்ற கேள்வி 1960-களில் எழுந்து, இன்றுவரை முற்றுப்பெறாமல் தொடர்கிறது. அந்தக் கேள்வியைச் சிறு மூலக்கூறுகளின் வேதியியல் எவ்வாறு கையாண்டது என்பதே இப்பகுதியின் பொருள்.

புரதம், டி.என்.ஏ. போன்றவை ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த பெரும் மூலக்கூறுகள். அவற்றுக்கு மாறாக, ஒரு சில அணுக்கள் முதல் சில பத்து அணுக்கள் வரை மட்டுமே கொண்ட மீத்தேன், கிளைசின், கொழுப்பு அமிலம் போன்றவற்றை வேதியியலார் சிறு மூலக்கூறுகள் என்கின்றனர். தேடலுக்கு இவை ஏற்றவையாக இருப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பல எளிதில் ஆவியாகி வளிமண்டலத்தில் கலந்து தொலைநோக்கிக்குத் தென்படுகின்றன. பாறைக்குள் சிக்கியவை நெடுங்காலம் சிதையாமல் இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேற்றுலக உயிரும் பூமியின் உயிரைப் போன்றே டி.என்.ஏ.வையும் புரதங்களையும் கொண்டிருக்க வேண்டும் என்ற முன்முடிவு இவற்றைத் தேடுவதற்குத் தேவைப்படுவதில்லை. ஆயினும் இதே எளிமைதான் இவற்றின் குறையும் ஆகிறது. மூலக்கூறு சிறியதாகச் சிறியதாக, அதை உயிரற்ற வழிகளில் ஆக்கும் வாய்ப்புகள் பெருகுகின்றன.

இக்கேள்விக்கு விடையாகக் கோளின் வளிமண்டலத்தை முழுதாகப் பார்க்கச் சொன்னவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் குளோரின் சேர்மங்களையும் உணரக்கூடிய எலக்ட்ரான் பிடிப்பு உணர்கருவியை 1957-இல் உருவாக்கியிருந்த அவரை, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1961-இல் தன் பணிக்கு அழைத்தது. செவ்வாயின் மண்ணில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்க்கும் திட்டங்களே கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அப்போது பேசப்பட்டன. பூமியின் நுண்ணுயிர்கள் உண்ணும் உணவையே செவ்வாயின் உயிரும் உண்ணும் என்ற எண்ணம் லவ்லாக்குக்கு ஏற்புடையதாக இல்லை. 1965-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, உயிர் தன் சூழலிலிருந்து பொருள்களை எடுத்துக் கழிவுகளை வெளியிடுவதால் வளிமண்டலத்தின் வேதிச் சமநிலை குலைந்தே தீரும் என்றும், அந்தக் குலைவையே தேட வேண்டும் என்றும் வாதிட்டது.

வேதிச் சமநிலை என்பது, வினைபுரியக்கூடிய பொருள்கள் யாவும் வினைபுரிந்து முடித்து, மேற்கொண்டு மாற்றமின்றி நிற்கும் நிலை. பூமியின் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதே காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு மீத்தேனும் இருக்கிறது. சூரிய ஒளியின் முன்னிலையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கக்கூடியவை. மீத்தேன் மூலக்கூறு ஒன்று நம் காற்றில் ஏறத்தாழ பத்தாண்டுகளே நிலைக்கிறது. ஆகவே சதுப்பு நிலங்களும், நெல் வயல்களும், அசைபோடும் கால்நடைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் இடைவிடாமல் மீத்தேனை வழங்கிக்கொண்டிருப்பதால்தான் அது காற்றில் தொடர்ந்து காணப்படுகிறது. மீத்தேன் தனித்து நின்றால் எதையும் மெய்ப்பிப்பதில்லை, ஆக்சிஜனும் அவ்வாறே. இரண்டும் ஒருங்கே இருப்பதுதான் சான்று. 1965 செப்டம்பரில், பிரான்சின் பிக் து மிதி வானாய்வகத்தில் பதிவான அகச்சிவப்பு நிறமாலைகள், செவ்வாயின் வளிமண்டலம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு என்றும், அது சமநிலைக்கு மிக அருகில் இருக்கிறது என்றும் காட்டின. தத்துவம் பயின்ற டயன் ஹிட்ச்காக்குடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் லவ்லாக் இந்த வாதத்தை விரிவாக்கினார். செவ்வாயில் இறங்காமலேயே அதன் உயிரின்மையைக் கணிக்கலாம் என்ற இந்த முடிவு, அங்கே இறங்கிக் காண்பதற்கான பெருந்திட்டத்தை வகுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. எனினும் இன்று தொலைதூரக் கோள்களின் ஒளியை ஆராயும் ஒவ்வொருவரும் பயன்படுத்துவது இந்த வாதத்தின் ஏதோ ஒரு வடிவத்தையே.

லவ்லாக்கின் வழி வானிலிருந்து பார்ப்பது என்றால், மண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கான வழியைச் செம்மைப்படுத்தியவர் ஜாஷுவா லெடர்பெர்க். பாக்டீரியாக்களின் மரபியலுக்காக 1958-இல் நோபல் பரிசு பெற்ற அவர், வேற்றுலக உயிர்களைப் பற்றிய ஆய்வுக்குப் ‘புறவுயிரியல்’ என்ற பெயரைத் தந்து, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நாசாவின் உதவியுடன் செவ்வாய்க்கான கருவிகளை ஆராய்ந்துவந்தார். அவர் நம்பிக்கை வைத்த கருவி நிறை நிறமாலைமானி. ஒரு பொருளின் ஆவியின்மீது எலக்ட்ரான்களை மோதவிட்டு மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, அவற்றையும் அவை உடைந்து விழும் துண்டுகளையும் நிறை வாரியாகப் பிரித்து எண்ணுவது இக்கருவியின் வேலை. ஆனால் நிறை ஒன்றை மட்டும் கொண்டு மூலக்கூறு இன்னதெனச் சொல்லிவிட முடியாது. நிறை 28 என்று காட்டும் துகள் நைட்ரஜனாக இருக்கலாம், கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், எத்திலீனாகவும் இருக்கலாம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும் இணைப்பு முறை வேறுபடும் சேர்மங்கள் மாற்றியங்கள் எனப்படும். பத்துக் கார்பன்களும் இருபத்திரண்டு ஹைட்ரஜன்களும் கொண்ட டெக்கேனுக்கு 75 மாற்றியங்கள் உண்டு. கார்பன்களின் எண்ணிக்கையை இருபதாக உயர்த்தினால் மாற்றியங்களின் எண்ணிக்கை 3,66,319 ஆகிறது.

இந்தப் பெருக்கத்தைக் கண்டு தயங்காமல், கொடுக்கப்பட்ட வாய்பாட்டுக்கு இயலக்கூடிய கட்டமைப்புகள் அனைத்தையும், ஒன்றும் விடுபடாமலும் எதுவும் இருமுறை வராமலும் எழுதிக்காட்டும் ஒரு கணித முறையை லெடர்பெர்க் 1964-இல் வகுத்தார். மறு ஆண்டு ஸ்டான்போர்டுக்கு வந்த கணினி அறிஞர் எட்வர்டு ஃபைகன்பாம், புரூஸ் புக்கானன், கருத்தடை மாத்திரைக்கான சேர்மத்தை உருவாக்கியதற்காகப் புகழ்பெற்ற வேதியியலாளர் கார்ல் ஜெராசி ஆகியோர் அதில் இணைந்தனர். டெண்ட்ரல் எனப் பெயர்பெற்ற அந்தக் கணினி நிரல், முதலில் இயலக்கூடிய கட்டமைப்புகளை எல்லாம் உண்டாக்கி, பிறகு வேதியியலாளரின் அனுபவ விதிகளைக் கொண்டு பொருந்தாதவற்றை நீக்கி, நிறமாலைக்கு ஏற்ற மிகச் சில கட்டமைப்புகளை மட்டும் மிச்சம் வைத்தது. கணினி வரலாற்று நூல்கள் இதைத் துறைவல்லுநரின் அறிவைக் கணினிக்குப் புகட்டிய முதல் நிரல்களுள் ஒன்றாகப் போற்றுகின்றன. அது செவ்வாய்த் தேடலின் பொருட்டுப் பிறந்தது என்பது அந்நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுவது வருந்தத்தக்கது. ஏனெனில் இயலக்கூடியவை அனைத்தையும் முதலில் அடுக்கி, மறுக்க முடிந்தவற்றை எல்லாம் மறுத்த பிறகே எஞ்சியதை நம்ப வேண்டும் என்ற டெண்ட்ரலின் ஒழுங்கைத்தான், பின்வந்த அரை நூற்றாண்டுத் தேடல் தன் தடுமாற்றங்களின் வழியே மீண்டும் மீண்டும் கற்றுக்கொண்டது.

உயிரற்ற வேதியியல் எதையெல்லாம் ஆக்க வல்லது என்பதை அறியப் பூமிக்கு வெளியிலிருந்து மாதிரி ஒன்று தேவைப்பட்டது. அது 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள மர்ச்சிசன் ஊரில் வானிலிருந்து விழுந்தது. கார்பன் மிகுந்த அந்த விண்கல்லின் துண்டுகள் ஏறத்தாழ 100 கிலோகிராம் அளவுக்குத் திரட்டப்பட்டன. நிலவிலிருந்து அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த மண்ணை ஆராய்வதற்காக மாசுபடாத ஆய்வகங்கள் ஆயத்தமாக இருந்த காலம் அது என்பதால், கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கீத் குவென்வோல்டன் முதலானோர் தாமதமின்றிப் பணியில் இறங்க முடிந்தது. அக்குழுவில் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் 1923-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்று, பின்னர் லண்டனில் ஜே. டி. பெர்னாலிடமும் பெர்க்லியில் மெல்வின் கால்வினிடமும் வேதியியல் கற்ற அவர், ஏம்ஸில் வேதிப் பரிணாமத்துக்கான பிரிவை வழிநடத்திவந்தார்.

அக்குழுவின் முடிவுகள் 1970 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. கிளைசின், அலனின், வாலின், புரோலின், குளூட்டாமிக் அமிலம் ஆகிய அமினோ அமிலங்கள் விண்கல்லில் இருந்தன. பூமியின் புரதங்களில் இடம்பெறாத வேறு சிலவும் இருந்தன. விண்கல்லைத் தொட்ட கையின் வியர்வையிலிருந்தோ விழுந்த நிலத்திலிருந்தோ இவை வந்திருக்கக்கூடாதா என்ற ஐயம் இயல்பாக எழும். அதை நீக்கியது மூலக்கூறுகளின் கைரல் தன்மை. கிளைசின் தவிர்த்த புரத அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றும், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன்மீது ஒன்று பொருந்தாத இரு வடிவங்களில் இருக்க முடியும். பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மர்ச்சிசன் விண்கல்லிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் கிடைத்தன. இரண்டு வடிவங்களுக்கும் இடையே வேறுபாடு பார்க்காமல் அவற்றை ஆக்கியது உயிரற்ற வேதியியலே என்பதும், அது பூமியின் அழுக்கு அன்று என்பதும் ஒரே சான்றால் நிலைநாட்டப்பட்டன. பிற்காலத்தில் ஐசோவாலின் போன்ற சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் சற்றே மிகுந்திருப்பதை ஜான் குரோனினும் சாண்ட்ரா பிட்சரெல்லோவும் 1997-இல் காட்டியபோது, இந்தத் தெளிவும் ஓரளவு மங்கியது. இரு வடிவங்களுள் ஒன்று மிகுவது உயிரின் தனி அடையாளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை.

மர்ச்சிசன் அளித்த இன்னொரு பாடம் பன்மை. உயர்துல்லிய நிறை நிறமாலைமானியைக் கொண்டு 2010-இல் நடந்த ஆய்வொன்று, அக்கல்லின் சாற்றில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறு வாய்பாடுகளைக் கண்டறிந்தது. உயிரற்ற வேதியியல் வறுமையானது, உயிரே மூலக்கூறு வளத்தைப் படைக்கிறது என்ற எண்ணம் இதனால் தலைகீழானது. உயிரற்ற வேதியியல் இயன்றதை எல்லாம் சிறிது சிறிதாகச் செய்து பரப்புகிறது. உயிரோ மிகச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றையே மிகுதியாகச் செய்கிறது. ஆகவே நாசாவின் கிறிஸ் மெக்கே போன்றோர் பின்னர் வலியுறுத்தியவாறு, எது இருக்கிறது என்பதைவிட எது மிகுந்தும் எது இல்லாமலும் இருக்கிறது என்பதே நல்ல அடையாளம். பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்த 121.6 கிராம் மண்ணும் மர்ச்சிசன் காட்டியதையே உறுதிசெய்தது: பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கும், மரபுப் பொருளின் ஐந்து காரங்களும் அதில் இருந்தன, ஆயினும் அமினோ அமிலங்களின் இரு கை வடிவங்களும் சமமாகவே இருந்தன.

இப்பின்னணியில்தான், செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் 1976-ஆம் ஆண்டுப் பயணத்தைப் படிக்க வேண்டும். முதல் கலம் ஜூலை 20 அன்று கிரைசி சமவெளியிலும், இரண்டாவது செப்டம்பர் 3 அன்று யுடோப்பியா சமவெளியிலும் இறங்கின. உயிரைத் தேடும் மூன்று ஆய்வுகளுள் கில்பர்ட் லெவின் வடிவமைத்தது மிக எளிமையானது: ஃபார்மேட், கிளைசின், லாக்டேட் போன்ற சிறு மூலக்கூறுகளைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு ஆக்கி, அவற்றின் கரைசலைச் செவ்வாய் மண்ணில் சொட்டவிட்டு, மண்ணிலுள்ள ஏதேனும் அவற்றை உண்டு கதிரியக்க வாயுவை வெளியிடுகிறதா எனப் பார்ப்பது. வாயு உடனே வெளிப்பட்டது; மண்ணை முன்கூட்டியே 160 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டுச் செய்த ஒப்பீட்டுச் சோதனையில் வெளிப்படவில்லை. முன்னரே வகுத்துக்கொண்ட வரையறையின்படி இது உயிர் உண்டு என்ற விடை. ஆனால் வான்ஸ் ஓயாமாவின் ஆய்வில், ஈரம் பட்ட மாத்திரத்தில் மண் ஆக்சிஜனை வெளியிட்டது. உயிரினம் இருட்டில் அவ்வாறு செய்வதற்கில்லை என்பதால், மண்ணில் ஏதோ வீரியமான ஆக்சிஜனேற்றி இருக்கிறது என்ற ஐயம் அப்போதே தோன்றியது.

முடிவைத் தீர்மானித்தது இவ்விரண்டும் அன்று, நான்காவதாக நின்ற கருவி. வாயு வண்ணப்பிரிகைக் குழலும் நிறை நிறமாலைமானியும் இணைந்த அதற்குப் பொறுப்பேற்றவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளாஸ் பீமன். ஆஸ்திரியாவில் பிறந்த அவர், இந்திய மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தாவின் ஆல்கலாய்டான சார்ப்பஜினின் கார்பன் சட்டகத்தை நிறை நிறமாலையைக் கொண்டே நிறுவி, இயற்கைச் சேர்மங்களின் வேதியியலில் புதுவழி திறந்தவர். வைக்கிங்கில் அவரது முறை இது: சிறிதளவு மண்ணைச் சிற்றுலையில் இட்டு 200, 350, 500 டிகிரி செல்சியஸ் எனப் படிப்படியாகச் சூடேற்றுவது, எழும் ஆவியை நீண்ட நுண்குழலின் வழியே செலுத்தி, சேர்மங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் அவற்றைத் தனித்தனியே பிரிப்பது, பிரிந்தவற்றை நிறமாலைமானியில் அடையாளம் காண்பது. நூறு கோடியில் சில பங்கு அளவில் இருக்கும் கரிமச் சேர்மத்தையும் உணரக்கூடிய அக்கருவி, நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் தவிரச் செவ்வாய்க்கே உரியதெனக் கொள்ளத்தக்க எதையும் காணவில்லை. முதல் களத்தில் மெத்தில் குளோரைடும் இரண்டாவது களத்தில் மெத்திலீன் குளோரைடும் மிகச் சிறிய அளவில் தென்பட்டன. இவை பூமியில் கருவிகளைத் தூய்மைசெய்யப் பயன்படும் கரைப்பான்களோடு தொடர்புடையவை என்பதால், பூமியின் மாசு என ஒதுக்கப்பட்டன. உடல்கள் இல்லாத இடத்தில் உயிர் இருக்க வழியில்லை என்ற தருக்கம் மேலோங்க, லெவினின் விடை மண்ணின் வேதிச் செயலாக விளக்கப்பட்டது. 2021-இல் இறக்கும்வரை லெவின் அதை ஏற்கவில்லை.

பீமனின் கருவி குறையற்றது. அவர் எடுத்த முடிவும் அன்றைய அறிவுக்கு உட்பட்டு நேர்மையானது. ஆயினும் கண்டறியப்பட்டதைவிட விந்தையானது, கண்டறியப்படாதது. செவ்வாயில் உயிரே இல்லை என்றாலும்கூட, மர்ச்சிசனைப் போன்ற விண்கற்கள் பல கோடி ஆண்டுகளாக அங்கே கரிமச் சேர்மங்களைக் கொட்டியிருக்க வேண்டும். அவை எங்கே போயின என்ற கேள்விக்கு நிறைவான விடை முப்பத்திரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. 2008 மே 25 அன்று செவ்வாயின் வட துருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், பூமியிலிருந்து கொண்டுசென்ற நீரில் மண்ணைக் கலக்கி அதில் கரைந்த உப்புகளை அளந்தபோது, மண்ணில் ஏறத்தாழ அரை விழுக்காடு அளவில் பெர்குளோரேட்டு இருப்பது தெரியவந்தது. ஒரு குளோரின் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட இந்த உப்பு, செவ்வாயின் குளிரில் அடங்கிக் கிடக்கிறது; சில நூறு டிகிரிக்குச் சூடேறினாலோ ஆக்சிஜனையும் குளோரினையும் வெளிவிட்டு, அருகிலுள்ள கரிமப் பொருளை எரித்துவிடுகிறது. பெர்குளோரேட்டு ராக்கெட் எரிபொருளில் ஆக்சிஜனேற்றியாகப் பயன்படுவதும் இப்பண்பினால்தான். அதாவது, கரிமச் சேர்மங்களைத் தேடுவதற்காக மூட்டப்பட்ட உலையே அவற்றை அழித்திருக்கக்கூடும்.

மெக்சிகோவின் ரஃபேல் நவார்ரோ-கோன்சாலஸ் 2010-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் மக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடேற்றியபோது, அம்மண்ணிலிருந்த கரிமப் பொருள் பெரும்பாலும் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறி, எஞ்சிய சிறு பகுதி மெத்தில் குளோரைடாகவும் மெத்திலீன் குளோரைடாகவும் வெளிவந்தது. வைக்கிங் கண்டதும் பூமியின் மாசு என்று தள்ளியதும் இதே இரண்டு மூலக்கூறுகள். பீமன் இவ்விளக்கத்தை மறுத்து எழுதினார். விவாதம் கடுமையாகவே நடந்தது. செவ்வாயில் உலவும் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தின் பழைய ஏரிப்படிவுப் பாறையில் குளோரோபென்சீனைக் கண்டறிந்ததை 2015-இல் அறிவித்த பின், 2018-இல் வேறொரு குழுவினர் நுண்படச்சுருள்களில் எஞ்சியிருந்த வைக்கிங் தரவுகளை மீட்டெடுத்துப் படித்து, அவற்றிலும் குளோரோபென்சீனின் தடயம் இருப்பதாகக் காட்டினர். கதிர்வீச்சு பட்ட பெர்குளோரேட்டிலிருந்து பிறக்கும் ஹைப்போகுளோரைட்டு லெவினின் வாயுவையும் விளக்க வல்லது என ஆய்வக முடிவுகள் இடையில் வெளிவந்திருந்ததால், கரிமப் பொருள் இருக்கிறது என்பது உறுதியான அதே ஆண்டுகளில் உயிருக்கான பழைய வாதம் மேலும் வலுவிழந்தது. 1976-இல் இயலக்கூடியவற்றின் பட்டியலில் ஒற்றை உப்பு விடுபட்டிருந்ததால், இரு தரப்பினரும் ஒரு தலைமுறைக்காலம் குறைந்த சான்றோடு வாதாட நேர்ந்தது.

செவ்வாயின் மீத்தேன் பற்றிய சர்ச்சையை இங்கே சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். கியூரியாசிட்டி தன் களத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான மீத்தேன் பருவந்தோறும் ஏறி இறங்குவதாகப் பதிவுசெய்ய, மேலிருந்து சுற்றிவரும் ஐரோப்பிய-ரஷ்ய விண்கலமோ அதைவிடப் பன்மடங்கு குறைந்த அளவையும் உணரக்கூடியதாக இருந்தும் எதையும் காணவில்லை. இரண்டையும் பொருத்திக்காட்டும் விளக்கம் இன்னும் உடன்பாட்டை எட்டவில்லை.

லெடர்பெர்க்கின் முறை முழு வடிவில் மீண்டும் தோன்றியது 2016-இல். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் வளிமண்டலத்தில் எந்த வாயுக்களைத் தேடுவது என்பதற்கு, பூமியின் உயிர்கள் வெளியிடும் ஆக்சிஜன், மீத்தேன் போன்ற சிலவற்றையே எல்லோரும் சொல்லிவந்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாரா சீகரும், உயிர்வேதியியலாளர் வில்லியம் பெயின்ஸும், யானுஷ் பெட்கோவ்ஸ்கியும் இந்தக் குறுகலை ஏற்க மறுத்து, ஹைட்ரஜன் நீங்கலாக ஆறு அணுக்கள் வரை கொண்டு, ஆவியாகக்கூடியதாகவும் நிலைப்பட்டதாகவும் இருக்கக்கூடிய மூலக்கூறுகள் அனைத்தையும் பட்டியலிட்டனர். ஏறத்தாழ பதினான்காயிரம் பெயர்கள் அதில் அடங்கின. பூமியின் உயிர்கள் எவற்றை ஆக்குகின்றன, எவற்றை ஆக்குவதேயில்லை, ஒவ்வொன்றையும் எரிமலையோ மின்னலோ ஒளிவினையோ ஆக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்பதற்கு இப்பட்டியல் களம் அமைத்துக் கொடுத்தது.

அவ்வரிசையில் சிறப்பிடம் பெற்றது பாஸ்பீன். ஒரு பாஸ்பரஸ் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட இந்த நச்சு வாயு, பூமியில் ஆக்சிஜன் புகாத சேற்றிலும் கழிவிலும் நுண்ணுயிர்களோடு தொடர்புபட்டுக் காணப்படுகிறது. வியாழன், சனி ஆகியவற்றின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் அது உயிரின்றியே உருவாகி மேலெழுகிறது. சிறிய பாறைக் கோள்களில் அத்தகைய வழி எதுவும் தெரியவில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, ஹவாயிலும் சிலியிலும் உள்ள வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு வெள்ளியின் மேகங்களில் நூறு கோடியில் இருபது பங்கு பாஸ்பீன் இருப்பதாக 2020 செப்டம்பர் 14 அன்று அறிவித்தபோது, அறியப்பட்ட உயிரற்ற வழிகள் எவையும் அந்த அளவைத் தர இயலாது என்ற நீண்ட கணக்கீட்டையும் உடன் வைத்தது. மறுப்புகள் விரைந்து வந்தன. தரவைச் செப்பனிட்ட முறையே போலி நிறமாலைக் கோட்டை உண்டாக்கக்கூடும் என்றனர் சிலர். பாஸ்பீன் உறிஞ்சும் அலைநீளத்துக்கு வெகு அருகில் சல்பர் டை ஆக்சைடும் ஒளியை உறிஞ்சுவதால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டிருக்கலாம் என்றனர் வேறு சிலர். தொலைநோக்கியின் அளவுத்திருத்தம் சீரமைக்கப்பட்டபின் கிரீவ்ஸ் குழுவினரே தம் அளவைப் பெரிதும் குறைத்தனர். விமானத்தில் ஏற்றிய அகச்சிவப்புத் தொலைநோக்கி பின்னர் தேடியபோது பாஸ்பீன் தென்படவில்லை. அக்குழு தன் தேடலைத் தொடர்ந்து வருகிறது. பாஸ்பீன் இருந்ததோ இல்லையோ, வெள்ளியின் பாஸ்பரஸ் வேதியியலை அதற்கு முன் எவரும் அவ்வளவு முனைப்போடு கணக்கிட்டதில்லை என்பது இச்சர்ச்சையின் நிலையான பயன்.

டைமெத்தில் சல்பைடின் கதை இதனினும் நுட்பமானது. கடலின் நுண்பாசிகள் வெளியிடும் இந்தக் கந்தகச் சேர்மம் கடற்காற்றின் மணத்துக்குக் காரணங்களுள் ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகாவை நோக்கிச் சென்ற கப்பலில் இதைக் கடல்நீரில் அளந்து, கந்தகம் கடலிலிருந்து நிலத்துக்கு மீளும் வழி இதுவே எனச் சொன்னவரும் லவ்லாக்தான். பூமியில் உயிரைத் தவிர வேறு வழியில் இது குறிப்பிடத்தக்க அளவில் வருவதில்லை. 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் இதன் குறிப்பு தென்படுவதாக, வாரணாசியில் பொறியியல் பயின்ற கேம்பிரிட்ஜ் வானியலாளர் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 2023-இலும், இன்னும் உறுதியாக 2025 ஏப்ரலிலும் தெரிவித்தது. பிற குழுக்கள் அதே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவுகளைப் படித்து, அக்குறிப்பு புள்ளியியல் நோக்கில் போதுமான வலிமையற்றது என்றன. இதற்கிடையே, ரொசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி வால்மீனின் தரவுகளில் டைமெத்தில் சல்பைடு இருப்பது 2024-இல் வெளிவந்தது. வளிமண்டலப் புகைமூட்டத்தை ஆய்வகத்தில் ஒளியூட்டி உருவாக்கியவர்களும் அதைத் தம் கலத்தில் கண்டனர். உயிரின் தனிக் கைவேலை எனக் கருதப்பட்ட ஒன்று, இரண்டே ஆண்டுகளில் உயிரற்றவற்றின் பட்டியலிலும் ஏறிவிட்டது.

சான்றை இன்னதென முன்கூட்டியே பெயரிடாமல் அளவிடும் முயற்சியாக, கிளாஸ்கோவின் லீ குரோனினும் அவருடன் பணியாற்றியோரும் 2021-இல் ஒரு மூலக்கூறைக் கட்டுவதற்குக் குறைந்தது எத்தனை படிகள் தேவை என்று எண்ணும் முறையை முன்வைத்தனர். தாம் சோதித்த மாதிரிகளில் பதினைந்து படிகளுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உயிரின் தொடர்புள்ளவற்றில் மட்டுமே மிகுதியாகக் கிடைத்தன என்றனர். இந்த எல்லை எங்கும் பொருந்துமா என்பதை வேதியியலார் பலர் வினவுகின்றனர். ஆயினும் இதை அளக்கவும் நிறை நிறமாலைமானியே பயன்படுகிறது என்பதால், பிற உலகங்களுக்குச் செல்லும் கருவிகளோடு இம்முறை இயல்பாகவே இணங்குகிறது.

செவ்வாயின் மண்ணிலிருந்து இதுவரை கிடைத்தவற்றுள் மிக நீளமான கரிமச் சங்கிலிகள் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி 2013 மே மாதத்தில் துளையிட்டெடுத்த ‘கம்பர்லேண்டு’ பாறைத்தூளை, அமினோ அமிலங்களைத் தேடும் பொருட்டு வேறொரு முறையில் சூடேற்றியபோது, கரோலின் ஃபிரைசினே தலைமையிலான குழு எதிர்பாராத வகையில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு கார்பன்கள் கொண்ட டெக்கேன், உண்டெக்கேன், டோடெக்கேன் ஆகியவற்றைக் கண்டது. இவை கிளையற்ற நேர்ச்சங்கிலிகள். பாறையில் கொழுப்பு அமிலங்களாக இருந்து, உலையின் வெப்பத்தில் தம் அமில முனையை இழந்தவையாக இருக்கக்கூடும் என்பது குழுவின் கருத்து. டெக்கேனின் 75 மாற்றியங்களுள் நேர்ச்சங்கிலி ஒன்றே ஒன்று என்பதை நினைத்தால் இது கவனத்துக்குரியது. ஆனால் நீரும் கனிமங்களும் கூடும் வெப்ப ஊற்றுகளில், வினையூக்கிகளின் பரப்பில், உயிரின்றியும் நேர்ச்சங்கிலிகள் உருவாகின்றன.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உயிர் தன் கொழுப்பு அமிலங்களை இரண்டிரண்டு கார்பன்களாகக் கோத்துக் கட்டுவதால், அவற்றில் இரட்டைப்படை எண்ணிக்கை மிகுந்திருக்கும். உயிரற்ற வினைகளில் கார்பன்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதால், சங்கிலி நீள நீள அளவு சீராகக் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கார்பன்களைக் கொண்ட சங்கிலிகளின் வரிசையைப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும். கியூரியாசிட்டியின் கருவியோ அத்தகைய நீண்ட சங்கிலிகளைக் காண்பதற்கு ஏற்ப அமைக்கப்படவில்லை. 2028-இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள ஐரோப்பிய ஊர்தியான ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், மேற்பரப்பின் கதிர்வீச்சு எட்டாத இரண்டு மீட்டர் ஆழம் வரை துளையிடும். அதன் கருவி, உலையின் மெதுவான சூட்டோடு, நொடியினும் மிகக் குறுகிய லேசர்த் துடிப்பாலும் மூலக்கூறுகளைப் பாறையிலிருந்து விடுவிக்கும் என்பதால், பெர்குளோரேட்டு அவற்றை எரிப்பதற்குள் அவை நிறமாலைமானியை அடைய வாய்ப்புண்டு. மூலக்கூறுகளின் இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கும் குழலும் அதில் பொருத்தப்பட்டிருக்கிறது.